தூக்கத்துக்கு ஒரு கால் குறைச்சல்

போன வாரம் மெத்தைக் கடை வீட்டில் பாப்பா மாடிப்படியில் உட்கார்ந்து, "அண்ணி, எனக்கு அங்க போகணும்னு..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமலே எழுந்து போனாள். அந்தப் பாதி வாக்கியம் இன்னும் படியிலேயேதான் கிடக்கிறது. அண்ணி வாரம் பூராவும் அதைத் தாண்டித் தாண்டித்தான் மாடிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள்.

பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பதைத் தாண்டியவள். மெத்தைக் கடைக்காரருக்கு ஒரே தங்கை என்பதால் சின்ன வயசில் ஒட்டிய பெயர், உரிக்க முடியவில்லை. அவள் புருஷன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நோய் நொடி ஒன்றும் கிடையாது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து பாப்பா மெத்தையில் படுப்பதை விட்டுவிட்டாள். அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகும் நாற்காலியில் சாய்ந்துதான் கண்ணை மூடுகிறாள். வீடு கொள்ளாத மெத்தை இருக்கிற வீட்டில் இப்படி ஒருத்தி.

அவளை அழைத்துப் போக ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் புருஷனின் அண்ணன் சொல்லியிருக்கிறார். பாப்பா அவரைப் பெரியத்தான் என்பாள். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. அங்கே அவளுக்கு ஒரு அறை, அவருடைய பாத்திரக் கடைக் கல்லாவில் ஒரு நாற்காலி. மறுபடியும் நாற்காலி! மெத்தைக் கடைக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டார். அண்ணிதான் ஒற்றைக் காலில் நின்றாள். "இங்க அவளுக்கு வேலை இருக்குங்க. வெப்சைட்டை யார் பார்ப்பா?"

"பார்க்கறதுக்கு ஆளு இருக்கு" என்றார் அவர். ஆள் வியாழக்கிழமை மதியம் வருவதாக ஏற்பாடு. வெப்சைட் கம்பெனிக்காரர். அவர் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் பாப்பாவுக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லாதவளை எந்த வாயால் இருத்தி வைப்பது? அண்ணியிடம் வேறு காரணம் இல்லை.

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

காலை வெயில் மாடியறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, தைத்து முடித்த ஒற்றை மெத்தையின் மேல் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தது. இந்த வெளிச்சம் ரொம்ப நேரம் தங்காது. அதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்று அண்ணி போனோடு ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். கீழே பஞ்சு மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பலகைத் தரையின் இடுக்கு வழியாக ஏறிவந்த பஞ்சுத் துகள்கள் வெளிச்சத்தில் மேலே போவதும் கீழே வருவதுமாக, எங்கேயும் போய்ச் சேர அவசரமில்லாமல் மிதந்தன.

"பாப்பா, அந்த வெள்ளைத் துணியை இன்னும் கொஞ்சம் மேல பிடி. நிழல் விழுது."

"இப்படியா அண்ணி?"

"ஆங், அப்படியே நில்லு. மூச்சு விடாதே."

"மெத்தை மூச்சு விட்டா என்ன பண்ணுவீங்க?"

அண்ணி சிரித்துவிட்டாள். படம் ஆடிப்போயிற்று. பாப்பா வாயிலிருந்து ஒரு கிண்டல் வந்து எத்தனை நாளாயிற்று! ஆடிப்போன படத்தை அழிக்க மனசு வரவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணிக்கு அந்த வெப்சைட் ஒருநாளும் வெப்சைட்டாகத் தெரிந்ததில்லை. அது இன்னொரு கடை. இதே தெருவுக்கு மேலே, மொட்டை மாடிகளுக்கும் மேலே எங்கேயோ தொங்குகிற கடை. ஷட்டர் கிடையாது. ஜனங்கள் கண்ணை மூடியபடியே படியேறி வருவார்கள். கக்கத்தில் ஆளுக்கொரு தலையணை இருக்கும். சிலர் விலை கேட்பார்கள், சிலர் அளவு கேட்பார்கள், சிலர் ஒன்றுமே கேட்காமல் ஒவ்வொரு மெத்தையாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போவார்கள். இதை ஒருமுறை புருஷனிடம் சொன்னாள். "தூங்குற நேரத்துல தூங்கணும். இல்லைனா இப்படித்தான்" என்றார் அந்த மனுஷர்.

அந்த மேல் கடையில் படம் எடுப்பது, விலை மாற்றுவது, மேப்பில் கடை நேரம் போடுவது எல்லாம் அண்ணியின் பொறுப்பு. எழுதுவது பாப்பா. ஒவ்வொரு மெத்தைக்கும் நாலு வரி. ஸ்டார் போட்டவர்களுக்கு நன்றி, ஸ்டாரைப் பிடித்துக்கொண்டவர்களுக்குச் சமாதானம். ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, 'மெத்தை அருமை. கடைக்காரர்தான் சிரிக்கவே மாட்டேன் என்கிறார்' என்று எழுதியிருந்தார். பாப்பா அதற்கு, 'எங்களிடமும் அப்படித்தான். சிரிப்பையெல்லாம் மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார்' என்று பதில் போட்டாள். மறுநாள் பார்த்தால் அந்த ஆள் அஞ்சு ஸ்டாராக மாற்றியிருந்தார்.

துணியை மடித்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு குரல் வெடித்தது.

"யோவ் மெத்தை! என்னய்யா இது? மெத்தைக் கடையா, இழவு வீடா?"

கட்டில்காரர். அடுத்த கடை. கட்டில் இல்லாமல் மெத்தைக்கு மரியாதை ஏது என்பது அவர் கட்சி. அவருடைய குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அண்ணி விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள்.

கட்டில்காரர் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். வெப்சைட்டின் முகப்பு. வெள்ளை மெத்தை, ஜன்னல் வெளிச்சம், அதன் மேல் பெரிய எழுத்தில் பாப்பா எழுதிய வரி. 'உங்கள் தூக்கத்தை எங்களிடம் விடுங்கள்.' அண்ணி படித்தாள். இதில் என்ன? மறுபடியும் படித்தாள்.

"நல்லாப் பாரும்மா" என்று அவர் விரலை வைத்துக் காட்டினார். "இது 'தூ'வா? 'து'ம்மா! கால் எங்க போச்சு?"

அண்ணிக்கு அப்போதுதான் கண் திறந்தது. உங்கள் துக்கத்தை எங்களிடம் விடுங்கள். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அத்தனை நாளும் இல்லாத காலைத் தானே போட்டுப் படித்திருக்கிறது!

"ஒரு கட்டிலுக்குக் கால் போச்சுன்னா அப்பவே ஆடிக் காட்டிக் குடுத்துடும். உங்க தூக்கத்துக்குக் கால் போயி ஒரு மாசம் ஆச்சு, ஒருத்தருக்கும் தெரியலையே! வியாபாரிங்க குரூப்புல காலையிலேர்ந்து இதுதான் பேச்சு" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர், சட்டென்று மாடியை அண்ணாந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாப்பா மேலயா இருக்கு? அடச்சே, என் வாயில மண்ணு" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் கடைக்கு நழுவினார்.

மெத்தைக் கடைக்காரர் மெஷினை நிறுத்தினார். தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சு. போனை வாங்கி அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று அண்ணி தயாராக இருந்தாள். அவர் திட்டவில்லை. உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது, அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிற மாதிரி.

"மதியம் அவரு வரட்டும். எல்லாத்தையும் குடுத்துடலாம்" என்றார் கடைசியில்.

"பாப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

"நான் எங்க சொல்லப்போறேன்? நான்தான் அவகிட்டப் பேசறதே இல்லையே."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். மெஷினைப் போட்டுவிட்டார்.

உண்மைதான், பேசுவதில்லை. பாப்பா கல்யாணத்துக்கு அவர் தானே பஞ்சு பார்த்து வாங்கி, வேறு யாரையும் ஊசி தொட விடாமல் தைத்துக் கொடுத்த மெத்தை ஒன்று உண்டு. அதில் படுத்தவர்தான் எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். மற்றவர்கள் விதி என்றார்கள். மெத்தைக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தங்கை முகத்தை நேராகப் பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார். அவள் பாரம் என்று அவர் அனுப்பவில்லை. மெத்தைகளுக்கு நடுவே அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தினம் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. அண்ணிக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் வாய் திறக்காத இரண்டு பேருக்கு நடுவில் அவள் என்ன பேசிவிட முடியும்?

சத்தம் போடாமல் அந்த எழுத்தைத் திருத்திவிடலாம் என்று மாடிக்கு வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

"கால் போட வந்தீங்களா அண்ணி?"

"கேட்டுடுச்சா?"

"கட்டில்காரர் பேசினா கடைசி வீடு வரைக்கும் கேக்கும். எனக்கு முதல்லயே தெரியும் அண்ணி. போட்ட அன்னைக்கு மறுநாளே பார்த்துட்டேன்."

"பார்த்துமா விட்டு வெச்ச?"

"திருத்தத்தான் போனேன். அதுக்குள்ள ஒருத்தர் எழுதிட்டார்." திரையை அண்ணி பக்கம் திருப்பினாள்.

'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. முன்பெல்லாம் விலை என்ன, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா, இதைத் தாண்டி அதில் ஒன்றும் விழாது. இப்போது பார்த்தால் அண்ணியின் மேல் கடையில் கூட்டம் அலைமோதியது.

'எங்கள் பூனை செத்துப்போய்விட்டது. வீட்டில் யாரும் இதை ஒரு துக்கமாகவே மதிக்கவில்லை. உங்களிடம் விடலாமா?'

'வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. இதற்கு மெத்தை உண்டா?'

'மெத்தையில் என் மனைவி படுத்த பக்கம் பள்ளமாக இருக்கிறது. புரட்டிப் போடுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். போடலாமா?'

ஒவ்வொன்றுக்கும் கீழே பாப்பாவின் பதில் இருந்தது. கடைசி ஆளுக்கு இப்படி எழுதியிருந்தாள்: 'புரட்ட வேண்டாம். அந்தப் பள்ளம் அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு முதுகு வலித்தால் உங்கள் பக்கத்தை மட்டும் பிரித்துப் புதுப் பஞ்சு வைத்துத் தருகிறோம். நடுவில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் இந்தப் பக்கத்துப் பஞ்சு அந்தப் பக்கத்தைத் தள்ளாது.'

"அட! அந்தப் பாதி மெத்தை!" என்றாள் அண்ணி. போன வாரம் புருஷன் புலம்பியது ஞாபகம் வந்தது. எவன்யா இவன், பாதியை மட்டும் பிரிக்கச் சொல்றவன் என்று முனகியபடியே அதை அவர் அத்தனை பொறுமையாகத் தைத்தார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேடி?"

"சொன்னா அழுவீங்க."

"நானா? நான் எதுக்கு..." அண்ணி முந்தானையைத் தேடினாள்.

ஜன்னல் வெயில் மெத்தையின் விளிம்புக்கு நகர்ந்திருந்தது.

"பாப்பா, உண்மையச் சொல்லு. அந்தக் காலைத் தெரியாம விட்டியா, தெரிஞ்சே விட்டியா?"

"கை அதைத்தான் அடிச்சுது அண்ணி. அந்த இன்னொரு வார்த்தை எனக்கு வராது. இத்தனை மெத்தைக்கு எழுதியிருக்கேனே, ஒண்ணுலயாவது அது இருக்கா பாருங்க."

அண்ணி மனசுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இளைப்பாற ஏற்றது. அசதி தீரும். கண் அயரலாம். களைப்பு ஓடிப்போகும். மெத்தை விற்கிற பக்கத்தில் தூக்கம் என்ற சொல்லை ஒரு இடத்தில்கூடப் போடாமல் இவள் இத்தனை நாள் எழுதியிருக்கிறாள்! முகப்பில் அது வேண்டும் என்று நச்சரித்தது அண்ணிதான். கஷ்டப்பட்டு அடித்திருக்கிறாள், கால் இல்லாமல் வந்திருக்கிறது.

"அங்க போயிட்டா இவங்களுக்கெல்லாம் யார் பதில் எழுதுவா அண்ணி?"

படியில் கிடந்த அந்த வாக்கியத்தின் மீதி இதுதான் என்று அண்ணிக்குப் பட்டது. "அப்போ போகாதே. அண்ணன்கிட்டச் சொல்லு."

"எப்படிச் சொல்றது? என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறான். நான் இந்த வீட்டுல இருக்கறது அவனுக்குப் பிடிக்கல."

"அசடு, அது அப்படி இல்லடி" என்றாள் அண்ணி. எப்படி என்று அவளால் சொல்ல முடியவில்லை. அது அவர் வாயால் வர வேண்டிய விஷயம். எழுத்தைத் திருத்தாமலே கீழே இறங்கிப் போனாள்.

மதியம் வெப்சைட் கம்பெனிக்காரர் வந்தார். தோளில் பை, முகத்தில் நல்ல சிரிப்பு. விற்பனைக்கு வைத்த மெத்தை மேல் உட்காரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அண்ணிக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று, அதுதான் வயிற்றெரிச்சல்.

"படமெல்லாம் பிரமாதம் மேடம். ஆனா ஒவ்வொண்ணும் ரொம்ப கனம், அதான் பக்கம் திறக்க லேட் ஆகுது. எடையைக் குறைச்சுடலாம். அப்புறம் சார், இந்த முகப்பு வரி..."

"தெரியும்" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"அதை உடனே மாத்திடலாம். எங்ககிட்ட இருக்கறதுல பெரிய வசதி என்னன்னா, யார் எழுதினாலும் தானா பதில் போயிடும். நீங்க உட்கார்ந்து எழுதவே வேண்டாம். இப்ப சும்மா சோதனைக்குப் போட்டுக் காட்டறேன்." அவர் தட்டினார். "ம், ஆயிடுச்சு. சார், உங்க போன்லேர்ந்து வாடிக்கையாளர் மாதிரி ஏதாவது எழுதுங்க, பார்ப்போம்."

"என்னத்த எழுதறது?"

"மனசுல என்ன தோணுதோ அதை எழுதுங்க சார்."

மெத்தைக் கடைக்காரர் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். திருத்தாத அந்த வரி இன்னும் மேலே இருந்தது. உங்கள் துக்கத்தை எங்களிடம் விடுங்கள். காலையிலிருந்து அது அவரை விடவில்லை என்பது அண்ணிக்குத் தெரியாதா? ஊசி பிடித்துக் காய்த்த ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். விலை என்ன என்று கேட்கத்தான் இத்தனை பாடா என்று அண்ணி பின்னால் போய் எட்டிப் பார்த்தாள்.

'எங்க மாப்பிள்ளை படுத்தவர் எந்திரிக்கல. மெத்தை நான் தைச்சது. தங்கச்சி இப்ப படுக்கறதே இல்ல. துக்கத்தை விடச் சொல்றீங்க. எப்படி விடறது.'

அவர் அனுப்பிவிட்டார்.

உடனே போன் 'டிங்' என்றது. திரை முழுக்கப் பலூன் பறந்தது.

'வாழ்த்துகள்! புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் இரட்டை மெத்தை! இன்றே சொல்லுங்கள், இரண்டு தலையணை இலவசம்!'

கம்பெனிக்காரர் ஆசையாக எட்டிப் பார்த்தார். மேலே எழுதியிருந்ததையும் படித்தார். "சார்... மாப்பிள்ளைன்னு வந்தா அது கல்யாணம்னு எடுத்துக்கும் சார். நான் இப்படின்னு... ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார்."

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் மெத்தைக் கடைக்காரர். அவர் பார்வை பலூனிலேயே இருந்தது. அவை ஒவ்வொன்றாக மேலே போய் மறைந்தன.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை பலூன் இல்லை. பெட்டியில் எது விழுந்தாலும் மாடியில் பாப்பாவின் திரையிலும் விழும் என்பதை அண்ணி அப்போதுதான் நினைத்தாள்.

'அண்ணா, உன் மெத்தை மேல ஒரு குறையும் இல்ல. அன்னைக்கு அசந்து போய் வந்து படுத்ததும், உங்க அண்ணன் கையே கைன்னு சொன்னார். அதுதான் கடைசியாப் பேசினது. அதுக்கப்புறம் நல்ல தூக்கம். இதை உன்கிட்டச் சொல்லணும்னு எத்தனையோ தடவை வந்தேன். நீ என் முகத்தைப் பார்க்கல.'

தூக்கம். அண்ணியின் கண் முதலில் அங்கேதான் போய் நின்றது. காலோடு இருந்தது அந்தத் தூ. இந்தத் தடவை கண் ஏமாற்றவில்லை, உறுதியாகப் பார்த்துக்கொண்டாள்.

மாடிப்படியில் காலடி கேட்டது. பாதிப் படியில் பாப்பா நின்றாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நிஜமாவா சொன்னார்?"

"நிஜமாண்ணா."

"கையே கைன்னா?"

"ஆமாண்ணா. அப்படியேதான் சொன்னார்."

மெத்தைக் கடைக்காரர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கைகளாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பெரிய மனுஷர், கடை வாசல் திறந்து கிடக்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதார். பாப்பா இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலைமுடியிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் அழுதாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனிக்காரர் சத்தமில்லாமல் பையை மாட்டினார். "நான் இன்னொரு நாள் வர்றேன் சார்."

"நில்லுங்க தம்பி." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படத்தோட எடையைக் குறைக்கறதை மட்டும் செஞ்சு குடுங்க. பதில் எழுதறதுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்கு. அவதான் எழுதுவா. இங்க இருந்துதான் எழுதுவா."

அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதுசு தெரிந்தது.

கம்பெனிக்காரர் போன பிறகு பாப்பா தூணில் தலையைச் சாய்த்தாள். இமை தானாக இறங்கியது.

"அண்ணா, எனக்குத் தூக்கம் வருது."

சின்னக் குழந்தை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அண்ணன் பதறிப்போய் எழுந்து முன்னால் ஓடினார். மாடியறையில் காலையில் படம் எடுத்த மெத்தை ஜன்னலோரம் அப்படியே கிடந்தது. யாரோ காசு கொடுத்துச் செய்யச் சொன்ன மெத்தை. "பரவாயில்ல, அவங்களுக்கு வேற தைச்சுக்கலாம்" என்று கையாலேயே அதை ஒருமுறை தட்டிச் சரிசெய்தார். பாப்பா முதலில் விளிம்பில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தண்ணீரில் இறங்குகிறவள் போல, சாய்ந்து படுத்தாள். அண்ணி வெள்ளைத் துணியைப் போர்த்துவிடுவதற்குள் மூச்சு சீராகிவிட்டது.

மெஷின் நின்றிருந்ததால் பஞ்சுத் துகள்கள் ஒவ்வொன்றாக இறங்கி அவள் மேல் உட்கார்ந்தன. புருஷனும் பெண்டாட்டியும் திருடர்கள் மாதிரி அடிமேல் அடி வைத்துப் படியிறங்கினார்கள்.

அடுத்த கடையில் சுத்தியல் சத்தம். மெத்தைக் கடைக்காரர் ஓடிப்போய், "தட்டாதய்யா, பாப்பா தூங்குது" என்றார். கட்டில்காரர் ஓங்கிய சுத்தியலை ஓங்கியபடியே வைத்துக்கொண்டு, "தூங்குதா?" என்று வாழ்நாளிலேயே முதல் தடவையாக ரகசியக் குரலில் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கும்.

திரும்பி வந்தவர் ஷட்டரில் கை வைத்தார். எடுத்துவிட்டார். இழுத்தால் அது போடுகிற கூச்சலுக்குத் தெருவே எழுந்துவிடும்.

"ஆளுங்க வந்து பேசுவாங்களே, என்ன பண்றது? ஏன்மா, மேப்புல கடை மூடியிருக்குன்னு போட முடியுமா?"

"வேலை நாள்ல நீங்களா கடையை மூடச் சொல்றீங்க?"

"போடும்மா."

அண்ணி போட்டாள். இப்போது மூடப்பட்டுள்ளது. தெருவுக்கு மேலே தொங்குகிற அந்தக் கடையிலும் ஜனங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதாக அவளுக்குத் தோன்றியது. கக்கத்துத் தலையணையைக் கீழே வைத்து, பூனையைப் பறிகொடுத்தவர், பள்ளத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர், எல்லாரும் கிடைத்த இடத்தில் மெல்லத் தலைசாய்க்கிறார்கள். இவளுக்கும் கண்ணைச் சொருகியது.

"முகப்புல காலைப் போட்டுடவா?" என்று கேட்டாள்.

"வேணாம். அவ எந்திரிச்சு வரட்டும். போடறதா இருந்தா அவளே போடட்டும்."

அப்போது அவர் போன் அதிர்ந்தது. பெரியத்தான்.

'ஞாயிறு ஒரு வேலை வந்துவிட்டது. அதனால் இன்றே புறப்பட்டு வந்துவிட்டேன். மேப்பில் கடை மூடியிருப்பதாகக் காட்டுகிறதே? தெருமுனையில்தான் வண்டியில் இருக்கிறேன். பாப்பாவைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.'

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரச் சொன்னது இவர். தலையாட்டியது இவர். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது? அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, விரலால் தேடித் தேடி ஒரு பதில் அடித்தார். அனுப்புவதற்கு முன் அண்ணியிடம் நீட்டினார்.

'பாப்பா துங்குறா.'

"காலைப் போடுங்க" என்றாள் அண்ணி.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தேடினார். அந்தக் காலைக் கண்டுபிடித்து, நழுவிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி அழுத்திப் போட்டார். பாப்பா தூங்குறா. அனுப்பினார்.

தெருமுனையில் ஹாரன் ஒருமுறை அடித்தது. மாடியில் மெத்தை லேசாகச் சரசரத்தது. மெத்தைக் கடைக்காரர் செருப்பைக்கூடப் போடாமல், அது இரண்டாம் தடவை அடிப்பதற்குள் போய் நிறுத்திவிட வேண்டும் என்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டியபடி தெருவில் இறங்கி ஓடினார்.